ஆறு மணி நேரத் தட்டைக் கோடு

இரவு இரண்டே கால்.
மேலே, ஐயாயிரம் மீட்டர் உயரச் சமவெளியில்
ஐம்பது வெள்ளைக் கிண்ணங்களும்
ஒரே பக்கம் முகம் திருப்பியிருக்கின்றன.
கீழே கட்டுப்பாட்டு அறையில்
நானும் ஆறிப்போன கோக்கா இலைத் தேநீரும்.

திரையில் கோடு.
தட்டையாக.
நாலு மணி நேரமாகத் தட்டையாக.

இன்றைய விண்மீன் மண்டலம் சின்னது.
பெயரில்லை, எண்தான்.
சான்தியாகோவுக்கு எதிரே எங்கள் சொக்காய்ரே மாதிரி,
விளக்குகளை விரல்விட்டு எண்ணலாம்.
ஆனாலும் ஓரத்தில்
நேற்றுப் பிறந்த நீல விண்மீன்கள்
கொத்தாக எரிகின்றன.
எரிகிறதென்றால்
விறகு இருக்க வேண்டுமே?

விறகின் பெயர் ஹைட்ரஜன் மூலக்கூறு.
குளிரில் அது வாய் திறக்காது.
இரண்டு அணுவுக்கும் ஒரே எடை, ஒரே முகம்;
சாயாத தராசு எதைச் சொல்லும்?
அதனால் பக்கத்தில் நிற்கும்
கார்பன் மோனாக்சைடை விசாரிப்போம்.
பெரிய மண்டலங்களில் அது
கேட்காததையும் சொல்லும்.

சின்ன இடத்தில் தூசி குறைவு.
தூசி குறைந்தால் நிழல் இல்லை.
புது விண்மீன்களின் புற ஊதா வெயில்
சாட்சியை அணு அணுவாகப் பிரித்துவிடும்,
சொல்லுக்குச் சொல் அப்படியே.
மேகத்தின் அடிமடியில் ஒளிந்த
கொஞ்சம் தப்பும்.

நகரத்திலிருந்து இணைப்பில் இருக்கும் இல்ஸே பார்ரியெந்தோஸ்
"ஒன்றும் இல்லை என்று எழுதிவிடு, ரொசெந்தா" என்கிறார்.
'ஒன்றும் தெரியவில்லை' என்று எழுதுகிறேன்.
இரண்டுக்கும் நடுவே
ஒரு மண்டலத்தின் எடை கிடக்கிறது.

மூன்று மணிக்குக் கீச்சென்று அலறல்.
திரையில்லை.
தங்கும் விடுதி, பதினாலாம் அறை.
லியெந்த்ரோ யாருக்கும் தெரியாமல் கொண்டுவந்த கேஸ் கணப்பு.
சன்னல் இடுக்கு முழுக்க லாமா ரோமப் போர்வை.
சுவர்க் கருவியில் சிவப்பாக
கார்பன் மோனாக்சைடு, நூற்றிருபது.

ஓடினோம். சன்னலை உடைத்தே திறந்தோம்.
இரண்டு பேராக அவனை இழுத்துப்போய்
வராந்தாக் குளிரில் உட்கார வைத்து
ஆக்சிஜன் குழாயை மூக்கில் செருகியபோது
"தலை வலிக்குது" என்றான்.
அதைவிட நல்ல சமிக்ஞையை
இந்த வருஷம் நான் வாங்கியதில்லை.

இரவெல்லாம் தேடியது
போர்வை அடைத்த அறையில் தானாக வந்து நின்றது.
அங்கே மறைப்பு இருந்தது.
அவ்வளவுதான் வித்தியாசம்.

ஐந்து மணிக்கு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன்.
தட்டைக் கோட்டில் ஒரே இடத்தில்
ஒரு கீன்வா மணி அளவுக்குப் புடைப்பு.
இரைச்சலாகவும் இருக்கலாம்.
இல்ஸே நம்பவில்லை.
நானும் பாதிதான்.
இன்னும் எட்டு மணி நேரம் கேட்டு
விண்ணப்பம் எழுதுகிறோம்.

வெளியே, வெளுக்கிற வானத்தில்
லியெந்த்ரோ போர்வையை உதறுகிறான்.
எவ்வளவு தூசி.