ஒன்று விட்டு ஒன்று

சாந்தோஸ் துறைமுகத்தில்
அறுபது கிலோ காப்பி மூட்டைகள்
இருபத்தாறு வருடம் ஏறி இறங்கிய முதுகு
ஜுராந்திருடையது.
மூட்டை பழகிய இடத்தில்
தோல் சாக்கு நிறத்தில் பளபளத்தது.

நெஞ்சுதான் கைவிட்டது.
சிறு வயதில் படுத்திருந்த மண்சுவரின் விரிசலிலிருந்து
இரவில் இறங்கி வந்து
உதட்டோரம் கடித்த பூச்சி ஒன்று
நாற்பது வருடம் கழித்துக் கணக்குத் தீர்த்தது.
எக்ஸ்ரேயில் இதயம்
மழையில் நனைந்த சாக்குபோல்
ஒரு பக்கம் சரிந்து கிடந்தது.

டாக்டர் எவாந்த்ரோ
இடது முதுகின் அகலத் தசையைக்
கையெலும்பிலிருந்து அறுத்தார்.
அதன் நரம்பைத் தொடவில்லை,
ரத்தக் குழாயைத் தொடவில்லை.
இரண்டாம் விலாவில் ஒரு துண்டை எடுத்து
ஜன்னல் திறந்து
புறத்தை அகத்துக்குள் அனுப்பினார்.
இதயத்தைச் சுற்றி ஒரே சுற்று.

பிறகு என் வேலை.
இரண்டு வாரம் சும்மா விட்டேன், ஒட்டிக்கொள்ளட்டும் என்று.
மூன்றாம் வாரம் ஒற்றைத் துடி.
அப்புறம் இரட்டை.
அப்புறம் ஒரு கொத்து.
வயிற்றுத் தோலுக்கடியில்
சிகரெட் பெட்டி அளவில் கருவி.
அதனோடு பேசும் வளையம் என் கையில்.

முதுகுக்குத் தெரிந்ததெல்லாம்
தூக்கு, வை, மூச்சு வாங்கு,
அடுத்த மூட்டை.
இறக்கி வைக்க இடமே இல்லாத வேலை இது என்று
அதற்கு எப்படிச் சொல்வது?
மின்சாரத்தைவிட்டுச் சொன்னேன், மெதுவாக,
எட்டு வாரம்.
களைக்கக் களைக்க
களைப்பை மறந்தது தசை.

எல்லாத் துடிப்புக்கும் கூப்பிடவில்லை.
ஒன்று விட்டு ஒன்று.
"சங்கம் கொடி பிடித்தும் வாங்காத ஓய்வு"
என்று ஜுராந்திர் சிரித்தார்,
சிரித்ததும் இருமினார்.

ஸுல்மிரா ராத்திரியில் காது வைத்துக் கேட்டாளாம்.
உள்ளே யாரோ நொண்டி நடப்பதுபோல் இருக்கிறது,
ஒரு கால் பலமாக,
ஒரு கால் பூனைபோல.
அவருடைய இடது கை
மேல்தட்டுச் சர்க்கரை டப்பாவுக்கு எட்டவில்லை.
ஆணியைப் பிடுங்கி
தட்டையே கீழே அடித்துவிட்டாள்.

இரண்டாம் வருடப் பரிசோதனையில்
அவரிடம் சொல்லாமல்
கருவியை நிறுத்திப் பார்த்தேன்,
ஒரு நிமிடம்.
திரையில் கோடு விழும் என்று காத்திருந்தேன்.
அவ்வளவாக விழவில்லை.
இழுக்காத தசை
சும்மா பிடித்துக்கொண்டிருந்தது,
மேலும் தொய்ந்துபோகாமல்.
இத்தனை நாளும் உதவியது உழைப்பா,
இந்தப் பிடியா?
என் படிவத்தில்
அதற்குக் கட்டம் இல்லை.

மறுபடி ஓடவிட்டேன்.
சட்டைப் பொத்தானை வலது கையால் மாட்டிக்கொண்டே
இப்போது என்ன செய்தாய் என்று கேட்டார்.

ஒன்றுமில்லை என்றேன்.

"யாரோ மூட்டையை இறக்கி வைத்தான்" என்றார்.
"போகவில்லை.
பக்கத்திலேயே நின்றான்."