ஏழாம் கட்டம்

பழைய வண்ணாரப்பேட்டையில்
இடிக்கிற வீட்டுப் பரணிலிருந்து வந்தது.
பிஸ்கட் டப்பா, அதற்குள் மெழுகுத்துணி,
அதற்குள் இது.
கொண்டுவந்த கன்னியப்பன்
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்,
தொட்டது தானில்லை, கடப்பாரைதான் என்பதுபோல.
"இன்னாக்கா, உள்ள குண்டு கீதா?"
இல்லை.
ஆறு துளையிலும் கருத்த கிரீஸ்.

நான் இந்த ஸ்டேஷன் ரைட்டர்.
பொருள், நிறம், எடை, குழல் நீளம்
எல்லாம் எழுதியாயிற்று.
ஏழாம் கட்டம்: தயாரித்த ஆண்டு.

"அதான் மேலயே அடிச்சிருக்கே,
ஆயிரத்தெண்ணூத்தி எண்பத்தாறு"
என்றார் எஸ்.ஐ., டீயிலிருந்து கண்ணெடுக்காமல்.
ஆயுதக் கிடங்கு நசீருத்தீன் சிரித்தார்.
அது காப்புரிமை வாங்கிய வருஷமாம்.
இருபது வருஷம் கழித்துச் செய்ததிலும்
அதையேதான் அடித்திருப்பார்களாம்.

மண்ணெண்ணெயும் பழைய டூத்பிரஷ்ஷுமாய்
ஒரு பிற்பகல் முழுக்கத் தேய்த்தேன்.
வெளியே துறைமுகம் போகிற கன்டெய்னர் லாரிகள்
நகராமல் உறுமிக்கொண்டிருந்தன.
மேஜையில் குண்டூசிகள் அதிர்ந்தன.
மூன்றரை மணிக்கு, பிடிக்குச் சற்று மேலே,
எண் தெரிந்தது.
நான்கு, அப்புறம் மூன்றோ எட்டோ,
ஒன்று, ஒன்று, ஏழு.
டார்ச்சைச் சாய்த்தால் மூன்று.
நிமிர்த்தினால் எட்டு.
நடுவே ஐயாயிரம் துப்பாக்கிகள்.
அதாவது மூன்று வருஷம்,
கம்பெனி ஞாயிற்றுக்கிழமை லீவு விட்டிருந்தால்,
என்றார் நசீருத்தீன்.

உருளையில் அடித்திருந்ததோ வேறு எண்.
"ரெண்டு பேர் உடம்பும்மா இது.
யாரு வயசக் கேக்குறீங்க?"

சீமைக்கு எழுதிய கடிதத்துக்கு
நாலு மாதத்தில் பதில் வந்தது.
அந்த வருஷங்களின் பேரேட்டைத்
தண்ணீர் கொண்டுபோயிற்றாம். வருந்துகிறார்களாம்.
எனக்குக் கோபமில்லை.
டிசம்பர் வெள்ளத்தில்
எங்கள் அலமாரியின் கீழ்த்தட்டும் கூழாய்ப் போனது.
அதில் எத்தனை திருட்டு இருந்தது,
எத்தனை பேர் காணாமல் போயிருந்தார்கள்,
யாருக்கும் நாங்கள் வருந்தி எழுதவில்லை.

ஆய்வகம் சொன்னது:
பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி
அல்லது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்.
கட்டத்தில் நாலு இலக்கம்தான் கொள்ளும்.
கம்ப்யூட்டரிலோ
நாளும் மாதமும் வேறு கேட்கிறது.

எனக்குப் பிறந்தநாள் ஜூன் ஒன்று.
கொருக்குப்பேட்டைப் பள்ளியில் ஹெட்மிஸ்ட்ரஸ் வைத்தது.
எங்கள் வகுப்பில் பதினெட்டுப் பேர்
ஒரே நாளில் பிறந்தோம்.
அம்மாவைக் கேட்டால்,
குடிசை ரெண்டாம் தடவை எரிந்த வருஷம்,
ஆடி கழிந்து, தூறல் என்பாள்.
அதற்கு எந்தப் படிவத்திலும் கட்டமில்லை.

கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாமென்று
பிடியின் திருகாணியைக் கழற்றினேன்.
மரத்துக்கும் இரும்புக்கும் இடையில்
எட்டாய் மடித்த காகிதம்.
எண்ணெய் குடித்துக் கண்ணாடியாகியிருந்தது.
டிராம் டிக்கெட்.
ராயபுரம். ஓரணா. தேதியில்லை.
இந்த ஊரில் டிராம் நின்று எழுபது வருஷமாகிறது.
பிடி ஆடியிருக்கிறது.
யாரோ இறங்கும்போது கசக்கி எறியாமல்
வீடு வரை கொண்டுவந்து
முட்டுக் கொடுத்திருக்கிறார்.
யாரைப் பார்த்து நீட்டினார், அல்லது
பரணில் ஏற்றிவிட்டு மறந்தே போனாரா,
அதைக் கேட்க எட்டாம் கட்டம் கிடையாது.
எட்டாவது, முத்திரைகளின் எண்ணிக்கை.

மூன்றையே வைத்துக்கொண்டேன்.
நசீருத்தீன் விரல்விட்டு எண்ணி
தொள்ளாயிரத்து நாலு என்றார்.
நாளுக்கும் மாதத்துக்கும்
கை தானாகப் போய் ஜூன் ஒன்று அடித்தது.
பதிவாகிவிட்டது என்றது திரை, பச்சையில்.

அரக்கை உருக்குமுன்
டிக்கெட்டை அதே மடிப்பில் மடித்து
இருந்த இடத்திலேயே வைத்துத் திருகினேன்.
ஒருமுறை பிடித்துப் பார்த்தேன்.
ஆடவில்லை.