மூடியின் உட்புறம்

ஞாயிறு ஏழு மணிக்கு முன்னால் போய்விட வேண்டும்
திலகர் திடலுக்கு.
எட்டுக்கு மேல் கிடைப்பதெல்லாம்
பம்பாயில் பெயின்ட் அடித்த முகங்கள்:
ஊதா டயல், ஆரஞ்சு டயல்,
பிறந்தபோது இல்லாத நிறத்தில் பழையவை.

"யாருக்கும்மா, வீட்டுக்காரருக்கா?"
மூன்று வருடமாகக் கேட்கிறார் பீர்முகமது.
எனக்குத்தான் என்று மூன்று வருடமாகச் சொல்கிறேன்.
உடனே லேடீஸ் சைஸ் ஒன்றை எடுத்து நீட்டுவார்,
சட்டைப் பொத்தான் அளவில், தங்க முலாம்.
நான் சாக்கு விரிப்பின் மறு ஓரத்தில்
பைப் ரெஞ்சுக்கும் மிக்ஸி மோட்டாருக்கும் நடுவே
கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு குந்தியிருப்பேன்.

ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் டைம்கீப்பர்.
தேனி வண்டிக்கும் போடி வண்டிக்கும் இடையில்
ஒன்றரை நிமிடத்துக்காக
இரண்டு டிரைவர்கள் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள்.
நான் சொல்வதுதான் மணி.
வீட்டில் முப்பத்தொரு வாட்ச் இருக்கிறது,
ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது.
அதற்காகத்தான் வைத்திருக்கிறேனோ என்னவோ.

அன்றைக்குக் கிடைத்தது வெஸ்ட் எண்ட், சோவார் பிரைமா.
முட்கள் கறுப்பு என்றுதான் நினைத்தேன்,
வெயிலில் சாய்த்ததும் நீலம்.
வெள்ளை டயலுக்கு வயதாகி
வடித்து ஆறிய கஞ்சியின் நிறம்.
ஆறுக்குக் கீழே பொடி எழுத்து நேராக இருந்தது;
மறுபடி எழுதுகிறவனுக்கு அங்கேதான் கை நடுங்கும்.
பின்மூடியில், ஊசி குத்திக் குத்தி எழுதியதுபோல்
வீ. சோலைமலை 1957.

"பேரு இருந்தா ரேட்டு போகாதும்மா.
ஒரு நிமிஷம் இருங்க, எமரி வச்சு வழிச்சுத் தர்றேன்."
வேண்டாம் என்றேன்.
ஆனால் அந்தப் பெயரைக் காட்டியே முந்நூறு குறைத்தேன்.
சோலைமலை மன்னிக்கட்டும்.

ராத்திரி மூடியைத் திறந்தேன்.
உட்புறம் கீறல்கள்.
ரிப்பேர்காரர் கீறினால் தேதி இருக்கும்.
அடகுக்கடைக் கீறலில் எண் மட்டும்.
217. அதன் தலைக்கு மேல் 1140.
ஓரத்தில் கோணலாக 88.
மூன்றும் வேறு வேறு கை.
மூன்று முறை உள்ளே போயிருக்கிறது,
இரண்டு முறை வெளியே வந்திருக்கிறது.

எந்த மாதம் என்று இல்லை.
பள்ளிக்கூடம் திறக்கிற ஜூனாக இருக்கலாம்.
பெரியாஸ்பத்திரியில் யாரையாவது சேர்த்திருக்கலாம்.
சீட்டாட்டமாகவும் இருக்கலாம்:
சோலைமலை நல்லவர் என்று
மூடியின் எந்தப் பக்கத்திலும் எழுதியில்லை.

ஐப்பசி மழையில் காளவாசல் பக்கம்
ஒரு ஆட்டோ தட்டிவிட்டு
வலது முழங்கையில் மாவுக்கட்டு, அரைச் சம்பளம்.
தெற்காவணி மூல வீதியில்
கம்பிக்குப் பின்னால் இருந்த பையன்
வாட்சைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.
"இதெல்லாம் எடுக்கிறதே இல்லைக்கா.
காதுல இருக்கிறது தங்கம்தானே?"

தோட்டைக் கழற்றினேன், ஒற்றைக் கையால்,
திருகாணி கீழே விழுந்து உருள,
அவனும் எழுந்து வந்து தேடினான்.
கல்லுக்குக் கழிவு போக
மில்லிகிராம் வரைக்கும் சொன்னான்.

"பேரு?"
லூர்து ரெஜினா.
"அப்பா பேரா, வீட்டுக்காரர் பேரா, ஏதாவது ஒண்ணு."
சொன்னேன்.
கம்ப்யூட்டர் இரண்டு நாளாகப் படுத்திருந்ததால்
கையால் எழுதினான்.
காத்திருந்த நேரத்தில்
கட்டுக்கு வெளியே நீட்டிய விரல்களில் வாட்சைப் பிடித்து
இடது கையால் சாவி கொடுத்தேன்.
இருபத்திரண்டு சுற்று. அதற்கு மேல் திருகக் கூடாது.

"ரசீதுல நேரம் போடணும். மணி என்னக்கா?"
அவன் போன் சார்ஜில், எனக்கு முதுகுப் பக்கம் எங்கோ.
பதினொன்று நாற்பது என்றேன்.
சோலைமலை நாலு நிமிடம் பின்தங்குவார்,
எனக்குத் தெரியும்.
அப்படியே எழுதிக்கொண்டான்.