காலி வண்டி எடை

பர்கூர் ரோட்டில் அறுபது டன் மேடை.
இரவு ஷிப்ட் எனக்கு.
கருங்கல் ஏற்றியவன் குறைத்துப் போடச் சொல்வான்,
பெங்களூரா மாங்காய் ஏற்றியவன் கூட்டிப் போடச் சொல்வான்.
இரண்டு பேருக்கும் என்னைப் பிடிக்காது.

இரண்டே கால் மணிக்கு
சிவப்பாய் ஒன்று ஊர்ந்து ஏறியது.
ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தால்தான் தெரிகிறது.
கூரை இல்லை. இரண்டே ஸீட்.
டாரஸின் டீசல் டேங்க் தனியாக உருண்டு வந்தது போல.

பெயர்?
நாகபூஷண், ஓசூர்.
சரக்கு?
ஒன்றுமில்லைங்க, காலி வண்டிதான்.
தொள்ளாயிரத்தைத் தாண்டாது.

1240 என்றன சிவப்பு எழுத்துகள்.

இறங்கி, கோட்டுக்கு வெளியே போய் நின்றார்.
1160.
உங்கள் எண்பதைக் கழித்தாயிற்று,
மிச்சமெல்லாம் வண்டிதான் என்றேன்.
ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பானர் பை
எல்லாவற்றையும் எடுத்து என் அறைச் சுவரோரம் வைத்தார்.
1140.
டேஷ்போர்டிலிருந்து ஒரு குட்டிப் பிள்ளையாரையும் எடுக்கப் போனார்.
பத்து கிலோவுக்குக் கீழே
இந்த மேடைக்குக் கண் தெரியாது, விடுங்கள் என்றேன்.

பிறகு மேடை விளிம்பில் உட்கார்ந்து
கடன் கணக்குச் சொல்வதுபோல் சொல்லத் தொடங்கினார்.
கதவுக்குள் இரும்புத் தண்டு,
பக்கவாட்டில் இடித்தால் விலா எலும்பு பிழைக்க.
வேகத்துக்கு அகல டயர்,
அகல டயரை நிறுத்தப் பெரிய பிரேக்.
சத்தம் கேட்கக்கூடாதென்று தரையெல்லாம் தார் அட்டை,
சத்தம் கேட்க வேண்டுமென்று பின்னால் தடித்த குழாய்.
ஸீட்டை முன்னே தள்ள ஒரு மோட்டார்,
பின்னே சாய்க்க இன்னொன்று.
கையால் தள்ளினால் ஆகாதா என்றேன்.
ஆகும் என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

வரிசையில் நின்ற டாரஸிலிருந்து மாதேஷ் இறங்கி வந்து
காரை ஒரு சுற்றுச் சுற்றினான்.
இவ்வளவூண்டு வண்டிக்கு இவ்வளவு இரும்பு எதற்குண்ணே?
நாகபூஷண் அவனைப் பார்க்கவில்லை,
அவன் வண்டியின் பம்பரைப் பார்த்தார்.
கார் சின்னது.
வந்து இடிப்பது சின்னதாக இருக்குமா?
மாதேஷ் பீடியைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டான்.

சரி, கூரையை எடுத்துவிட்டார்களே,
அந்த அளவுக்காவது குறைய வேண்டாமா என்றேன்.

அங்கேதான் கூடுகிறது என்றார்.

எனக்குப் புரியவில்லை.
மேஜைக்கடியில் கிடந்த மாம்பழ அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்கினார்.
மூடியோடு திருகினார், அசையவில்லை.
மூடியைக் கிழித்துவிட்டுத் திருகினார்,
ஈரத்துணி போல் நெளிந்தது.
கூரை வெயிலுக்கு மட்டும் இல்லைங்க.
அது பிடித்துக்கொண்டிருந்ததை எல்லாம்
இப்போது தரை பிடிக்க வேண்டும்.
கீழே இரட்டைத் தகடு,
ஓரத்தில் தடித்த சட்டம், குறுக்கே இன்னும் இரண்டு.

அண்ணாந்து பார்த்தேன்.
மேகம் இல்லாத வானம், குவாரி விளக்குக்கு மேலே
நாலைந்து நட்சத்திரம்.
இதைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவதற்கு
அடியில் இவ்வளவு கனம் வேண்டியிருக்கிறது.

மாதேஷ் ஹாரன் அடித்தான்.
சரக்கு என்ற கட்டத்தை நிரப்பாமல்
இந்தக் கம்ப்யூட்டர் ரசீது தராது.
முந்தைய டெம்போவின் வார்த்தை அப்படியே இருந்தது, அடித்துவிட்டேன்.
மாங்காய், 1140.
விளக்கடியில் வாசித்துச் சிரித்தார்,
அறுபது ரூபாய் கொடுத்தார், போனார்.

டாரஸ் ஏறி இறங்கி மேடை பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான்
சுவரைப் பார்த்தேன்.
ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பானர் பை.

ரசீதின் நகலில் போன் நம்பர் இருக்கிறது.
விடியட்டும், கூப்பிடலாம்.
பஞ்சர் ஆகாதிருந்தால்
அதுவரை ஓட்டட்டும்,
தொள்ளாயிரத்துக்கு இருபது கிலோ பக்கத்தில்.