அர்த்தாபல்

கேத்தி பாலாடா விதைக்கிடங்கில்
வந்த மூட்டைக்குச் சீட்டு எழுதுவது என் வேலை.
ரகம், எடை, வந்த நாடு, அழுகல் எத்தனை.
நான்கே கட்டம்.
ஐந்தாவதாக யாரும் எதுவும் கேட்டதில்லை.

ஆனி மழை தகரத்தில் விடாமல் பேசிக்கொண்டிருந்த வாரம்
சோதனை நடவுக்கென்று கடல் தாண்டி
பதினொரு பெட்டிகள் வந்தன.
ஒவ்வொன்றின் நெற்றியிலும் வேறு பெயர்.
உள்ளே ஒரே கிழங்கு.

சாப்பாட்டு நேரத்தில் டப்பாவை மூடிவிட்டு
கைபேசியில் ஒவ்வொன்றாகத் தேடினேன்.

கார்ட்டோஃபல் என்கிறார் ஜெர்மன்காரர்.
இத்தாலியில் பன்றியை விட்டு மோப்பம் பிடித்துத் தோண்டுகிற
பணக்காரக் காளானின் பெயர் அது.
கிழங்கும் மண்ணுக்குள்தானே இருக்கிறது என்று மாட்டிவிட்டார்கள்.
பின்லாந்தில் பெருனா, பேரிக்காயிலிருந்து வந்ததாம்
(குன்னூர் மார்க்கெட்டில் பேரிக்காய் விற்கும் சலேத்மேரி
கேட்டால் சண்டைக்கு வருவாள்).
செக்குக்காரருக்கு அது பிராண்டன்பர்க்கான்,
ஊர்ப்பேரே பேராகிப்போன அசலூர்க்காரன்.
போலந்தில் சுருக்கமாக, மண்ணான்.
ஆங்கிலத்தின் பொட்டேட்டோ
சர்க்கரைவள்ளியிடம் இரவல் வாங்கிய சட்டை,
இன்னும் திருப்பித் தரவில்லை.

அது யாரென்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.
தெரிந்த முகம் ஒன்றைத் தேடி
‘அவங்க சாயல்’ என்று சொல்லி
வீட்டுக்குள் விட்டிருக்கிறார்கள்.
பிறந்த மலையில் அதற்கு ஒரு பெயர் இருந்தது.
பாப்பா.
என் காதுக்கு அது அழுகிற மாதிரி கேட்டது.

ஏழாவது பெட்டி ஒல்லாந்து.
எழுத்துக்கூட்டினேன்.
ஆர்ட். ஆப்பல். மண் ஆப்பிள்.
மறுபடி, கொஞ்சம் வேகமாக.

பேனா நின்றது.

பண்டாரவளைச் சந்தையில் சம்பள நாளில்
சிங்களக் கடைக்காரரிடம் அம்மா கேட்டு வாங்கிய சொல்
அர்த்தாபல்.
தலைமன்னாரில் கப்பலேறும்போது
எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள்,
அண்டா ஒன்று, பாய் இரண்டு, தையல் மிஷின் ஒன்று.
இதைக் கணக்கில் சேர்க்கவில்லை.
கோத்தகிரி லயத்துக் குழாயடியில்
வாய்தவறிச் சொன்னாள். சிரித்தார்கள்.
அதற்குப் பிறகு அடுப்படியில் மட்டும்.

பள்ளிக்கூடத்தில் நான் அதைப் பிரித்துப் பார்த்ததுண்டு.
அர்த்தம், பல்.
பொருளுக்குப் பல் முளைத்திருக்கிறது என்று
தோழியிடம் பெருமையடித்தேன்.
தப்பு.
டச்சுக்காரர்கள் கோட்டையோடு விட்டுப்போனது,
சிங்களத்தில் வெந்து
எங்கள் வாயில் தோலுரிந்து
இந்த மேட்டுக்கு ஏறிவந்திருக்கிறது.
அதன் மூத்த அண்ணன் இதோ
பெட்டியில் ஒட்டியபடி எதிரே நிற்கிறான்.
இருநூறு வருஷம் கழித்து.
இரண்டுக்கும் ஒன்றையொன்று அடையாளம் தெரியவில்லை,
நான்தான் நடுவில் திருதிருவென்று.

மூன்று மணிக்கு
பெள்ளிராஜ் அண்ணனின் வேன் வளைவில் சறுக்கியது.
ஆளுக்கு ஒன்றுமில்லை. சாக்கு ஒன்று கிழிந்தது.
ஈரத் தாரில் தொடங்கி
தேயிலைச் சரிவுக்குள் முட்டிமோதிக்கொண்டு
அத்தனையும் ஓட்டம்.
அண்ணன் தன் படுக மொழியில்
அதன் பெயரைச் சொல்லித்தான் திட்டினார்,
அந்த ஒலி என் எழுத்தில் அகப்படவில்லை.
எனக்கு வேறொன்று உறைத்தது.
உருளை.
எந்த ஊர், யார் மாதிரி, ஒரு விசாரணையும் இல்லை.
உருண்டது, உருளை.
சாதி கேட்காமல் நாம் பெயர் வைத்தது
இது ஒன்றுக்குத்தானோ என்னவோ.

நனைந்தபடி பொறுக்கினோம்.
முப்பது கிலோ கிடைத்தது,
மிச்சம் எங்காவது முளைக்கும்.

இரவு அம்மாவிடம் சொன்னேன்.
‘டச்சுக்காரனுடையதா?
நான் அந்தக் கடை முதலாளியுடையதுன்னுல்ல நெனச்சேன்’
என்றாள்.
கொஞ்சம் கழித்து,
‘சீக்கிரம் வேகுமா அது?’

மறுநாள் ஏழாம் பெட்டிக்குச் சீட்டு.
வந்த நாடு: ஒல்லாந்து.
அழுகல்: இல்லை.
பெட்டியை நான் இன்னும் திறக்கவில்லை.