குளிர்த் துறை

சான்றிதழ் காலாவதியாம்.
திரை சொல்கிறது, சிவப்பில்.
ஐந்து வருடமாக ஒரே மேசையில்
முழங்கை இடிக்கும் தூரத்தில் இருக்கிற
அச்சுப்பொறியைப் பார்த்து
யார் நீ என்கிறது கணினி.

வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
சாய்ன்ஷாந்து கால்நடை அலுவலக வாசலில்
தாம்தின்சுரேனின் லாரி உறுமிக்கொண்டே நிற்கிறது.
அணைத்தால் வசந்தத்தில்தான் கிளம்பும்.
பின்னால் பதினோரு ஒட்டகங்கள்,
தலைக்கு ஒரு தாள்: நோயில்லை.

ஊசி போட்டது நான். வாயைப் பிளந்து பார்த்தது நான்.
ஒன்று என் தொப்பியில் துப்பியது.
நோயில்லை.
அதை நம்ப ஒரு தாள் வேண்டும்,
தாளுக்கு ஒரு பொறி,
பொறியை நம்ப அதற்கும் ஒரு தாள்.

முதலில் தேதியைப் பார்த்தேன்.
சில சமயம் கணினியே ஏதோ பழைய வருடத்தில்
உட்கார்ந்திருக்கும்.
இல்லை, இன்றுதான்.
நேற்று நள்ளிரவோடு முடிந்திருக்கிறது.
உலான்பாத்தரில் போனை எடுத்த பையன்
அணைத்துப் போடுங்கள் என்றான்.
அணைத்துப் போட்டேன்.
சிவப்பு.

பொறியின் எண்முகவரியை உலாவியில் தட்டினேன்.
ஆபத்து, போகாதே என்றது.
மூலையில் பொடி எழுத்தில் ஒரு 'மேலும்'.
தெரியும் தெரியும் என்று அழுத்தி உள்ளே போனேன்.
அமைப்பு, அதற்குள் பாதுகாப்பு,
அதற்குள்ளே செத்துக் கிடந்தது பழையது.

வழங்கியவர்: தானே.
பெற்றவர்: தானே.
ஊர்: சாய்ன்ஷாந்து.
துறை: குளிர்.

எர்தெம்பிலெக்!
எர்தெனெத் சுரங்கத்துக்கு வேலை மாறிப் போய்
மூன்று வருடம். போகும்போது
என் தேநீர்க் குடுவையையும் கொண்டுபோனவன்.
இத்தனை காலம் நான் அடித்த
ஆட்டுத் தாள், குதிரைத் தாள்,
மாகாணத் தலைமைக்குப் போன அறிக்கை,
எல்லாமே குளிரின் ஒப்புதலோடு
வெளியே போயிருக்கின்றன.

சிரித்துவிட்டேன்.
கண்ணாடிக்கு அப்பால் தாம்தின்சுரேன்
மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார்.

புதிதாக உருவாக்கு.
கடவுச்சொல் கேட்டது.
தாள் தட்டின் அடியில் ஒட்டிய சீட்டில் இருந்தது,
அவனுடைய கோணல் எழுத்தில்.
பெயர் நிரப்பினேன். ஊர் நிரப்பினேன்.
காலம்: பத்து வருடம்.
என் ஓய்வுக்குப் பிறகும் இரண்டு மிச்சம்.
துறை என்ற கட்டத்தில் கோடு துடித்தது.
கால்நடை என்று அடித்தேன்.
அழித்தேன்.
குளிர் மற்றும் மணற்காற்று
என்று அடித்தேன்.

பொறி ஒருமுறை கண் மூடித் திறந்தது.
கணினியிலிருந்து பழையதை நீக்கி,
புதியதைக் காட்டி, இவரை நம்பு என்றேன்.
நம்பியது. அவ்வளவுதான் அதற்கு.

சூடாக வந்தன தாள்கள்.
தாம்தின்சுரேன் எண்ணாமல் மடித்து
அங்கிக்குள் நெஞ்சோடு செருகினார்,
கொஞ்ச நேரம் கையை அங்கேயே வைத்திருந்தார்.

லாரி போன பிறகுதான் பார்த்தேன்,
சோதனைப் பக்கத்தையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டார்.
வழியில் எவனாவது நிறுத்தி எண்ணினால்
பன்னிரண்டு.
ஒரு ஒட்டகம் குறைகிறது,
அதற்கும் நோயில்லை.