பூனைக்கு மட்டும்

ஸ்டிக்கரில் சட்டம் கேட்ட வாசகம் இருக்கிறது,
சட்டம் கேட்ட அளவு எழுத்தில்:
செல்லப் பிராணிகளுக்கு மட்டும். மனிதர் அருந்த அல்ல.
டட்டன் பண்ணையில் காய்ச்சாத பால்
கேலன் ஒன்பது டாலர்.
கல்லாவில் நிற்கும் பெண் சிரிக்காமல் கேட்பாள்:
"பூனை பேரு?"
கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொள்வாள்,
பக்கத்தில் ஒரு ஃபோன் நம்பர்.

வடக்கு ஃபுளோரிடாவில் எங்கள் மாவட்டத்துப் பூனைகள்
தாராளமாகக் குடிக்கும்.
போன சனிக்கிழமை மட்டும் நாற்பத்தொரு பூனைகள்.
அதில் ஒன்றுக்கு மூன்று கேலன்.
சுகாதாரத் துறையில் எங்களுக்குத் தெரியும்.
தெரியும் என்று எந்தக் காகிதத்திலும் எழுதியதில்லை.
பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்:
அந்த நாற்காலியில் உட்காரத்தான் எனக்குச் சம்பளம்.

செவ்வாய் மாலை கெய்ன்ஸ்வில் ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன்.
ஐந்து வயது. மலத்தில் ரத்தம்.
இரண்டு நாளாகச் சிறுநீர் இறங்கவில்லை.
பதினாலு பக்கப் படிவத்தோடு
அம்மாவிடம் ஆரம்பித்தேன்.
ஹாம்பர்கர் சாப்பிட்டாளா? கீரை?
குளத்தில் இறங்கினாளா? ஆட்டைத் தொட்டாளா?
ஒன்பதாம் பக்கம், பால்.
லோரெட்டா பீவி பேசவில்லை.
அவள் பின்னால் ஏதோ மெஷின்
விட்டுவிட்டுக் கூவியது.
"எங்க வீட்ல ஒரு பூனை இருக்கு."
அதன் பெயர் என்ன என்றேன்.
"ரென்."
முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன்.
நோயாளியின் பெயர்: ரென் பீவி.

நோட்டை வாங்க
வக்கீல் தேவைப்படும் என்று நினைத்திருந்தேன்.
டெல்மர் டட்டன் கதவைத் திறந்ததும் நீட்டினார்.
"என் பேரப் பிள்ளைங்களும் இதத்தான் குடிக்குது."
அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.
மறைக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.
கொட்டிலில் ஒரு பசு
என் ஐஸ் பெட்டியை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது.

இரவு பதினொரு மணி வரை கூப்பிட்டேன்.
பிஸ்கட்டுக்கு உடம்பு எப்படி இருக்கிறது?
"வியாழக்கிழமையிலிருந்து வயிறு சரியில்ல.
ஸ்கூலுக்கு அனுப்பல."
மிஸ்டர் விஸ்கர்ஸ்?
"எண்பத்திரண்டு வயசு, மாத்திரையோட ஓடுது."
டாஃபோடிலுக்கு இப்போதுதான் பல் முளைக்கிறதாம்.
யாரும் பிள்ளை என்ற சொல்லை எடுக்கவில்லை.
நானும் எடுக்கவில்லை.
பூனையை உடனே டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன்.
மிருக டாக்டரிடம் அல்ல என்றேன்.
புரிந்தது என்றார்கள்.

எழுபத்திரண்டு டிகிரி, பதினைந்து விநாடி.
இவ்வளவுதான் அந்தப் பாலுக்கு வேண்டியிருந்தது.
ஒருத்தி பூனை பேரைக் கேட்டு,
இன்னொருத்தி சற்றே தயங்கிச் சொல்லி,
நோட்டில் ஏற ஆகிற நேரம்.

வெள்ளிக்கிழமை லேப் முடிவு வந்தது.
அறுநூறு கேலன் வடிகாலில் இறங்கும்போது
நான் நின்று எண்ணினேன், அது என் வேலை.
டட்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.
அவர் எந்த விதியையும் மீறவில்லை.
ஸ்டிக்கர் கோணாமல் ஒட்டப்பட்டிருந்தது.
அறிக்கையில் அதையும் எழுத வேண்டியிருந்தது.

பதினோராம் நாள், டயாலிசிஸ் நடுவே,
ரென் மூன்று ஸ்பூன் சிறுநீர் கழித்தாள்.
லோரெட்டா என்னைக் கூப்பிட்டு
அந்த அளவை மட்டும் சொன்னாள்.
மூன்று, என்றேன்.
மூன்று, என்றாள்.

நோட்டில் ஒரு நம்பர் மட்டும் பாக்கி இருந்தது.
கிழவர் லோமாக்ஸ், ஏழாவது முறை எடுத்தார்.
சூட்டிக்கு எப்படி இருக்கிறது என்று
அந்தப் பாஷையிலேயே கேட்டேன்.
"ஒரு சொட்டு விடாம நக்கிட்டான்.
ஜன்னல்ல வெயில் காயறான். ஏன்?"
வயது?
"நாலு."
ஸ்கூலுக்குப் போகிறானா என்று கேட்டுவிட்டேன்.
நீண்ட மௌனம்.
"அம்மா, அது பூனை."

நன்றி சொல்லி வைத்தேன்.
படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினேன்.
பதினாலு பக்கத்தில்
பூனைக்கென்று ஒரு கட்டம் இல்லை.